அச்சிட்ட கேன்வாஸைத் தந்து ஓவியம் கற்பிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

டச்சு ஓவியர் வெர்மீர் 1665-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியத்தை முதற்கோட்டிலிருந்து மீளவரைந்து, அதன்வழியே எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்டக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்த ஓர் இணையவழிப் பயிற்சியில், முழுக் கட்டணத்தையும் முன்பணமாகச் செலுத்திச் சேர்ந்தேன். முன்னோர் படைப்பைப் பார்த்து வரைந்து கற்பது நல்ல வழி என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்த வழியின் பெயரால் எனக்கு நடந்ததையே இங்கே சொல்கிறேன்.

அஞ்சலில் வந்த கேன்வாஸில் அந்த முகம் ஏற்கெனவே மங்கலாக அச்சிடப்பட்டிருந்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது, கன்னத்தில் வெளிச்சம் எந்த இடத்தில் நிழலாகத் திரும்புகிறது என்று கண்டுபிடிப்பது என நான் கற்க வந்த வேலை முழுவதையும் அச்சு இயந்திரமே முடித்திருந்ததால், எனக்கு மிஞ்சியது வண்ணம் நிரப்புவது மட்டுமே. விளம்பரத்தில் காட்டிய மாணவர் படங்கள் அனைத்தும் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல இருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. ஆசிரியர் வாரந்தோறும் நேரலையில் திருத்துவார் என்றார்கள். வந்தவை பழைய காணொளிகள்.

கற்பித்ததும் பிழையாக இருந்தது. பின்னணிக்குக் கருப்பு வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகக் கலந்து பூசி, அதன்மேல் டர்பென்டைனில் கரைத்த மெல்லிய வண்ணத்தைத் தீட்டச் சொன்னார்கள். எண்ணெய் வண்ணம் நீர்வண்ணத்தைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுகிறது. எண்ணெய் கூடக்கூட இறுகும் வேகம் குறையும். எனவே கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். தலைகீழாகச் செய்ததால், மூன்றாம் மாதத்தில் தோளுக்கு மேலே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடின. விரலால் தொட்டால் அடியில் இன்னும் பிசுபிசுத்தது. மூலத்தின் பின்னணி வெறும் கருப்பும் அன்று: அந்த ஓவியத்தை வைத்திருக்கும் மொரிட்ஷுயிஸ் அருங்காட்சியகம் 2018-இல் மேற்கொண்ட ஆய்வில், காலப்போக்கில் மங்கிப்போன ஒரு பச்சைத் திரைச்சீலை அங்கே இருந்தது தெரியவந்தது. அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பாடத்தில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சான்றிதழ் வழங்கியாயிற்று என்று மறுத்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அம்மாவைச் சன்னலருகே உட்காரவைத்து வரைய முயன்றேன். ஒரு கண்ணைக்கூட உரிய இடத்தில் வைக்க என்னால் முடியவில்லை.

இத்தகைய பயிற்சியில் சேர எண்ணுவோர், வெற்றுக் கேன்வாஸ்தான் தருவார்களா, திருத்துபவர் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்த படத்தை மட்டும் பார்க்காமல், ஒரே மாணவரின் கோட்டு வரைவு, முதற்பூச்சு ஆகியவற்றின் புகைப்படங்களையும் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்டவை இவைதாம்.