ஃப்ளூ தடுப்பூசி: எந்த ஊருக்கு எந்த மாதம்?

0.5 மி.லி. மருந்து நிரப்பிய சிரிஞ்சாக வரும் ஃப்ளூ தடுப்பூசி நல்ல சரக்குதான். கோட்டை விடுவது போடும் மாதத்தில். ஸ்ரீநகரில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரையிலான குளிரில் ஏறும். டெல்லியில் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மழையில். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும்; பிறகு மாதம் போகப் போக பலம் இறங்கும். டெல்லிக்காரருக்கு மே, ஜூன் சரி. சென்னைக்காரர் ஏப்ரலிலேயே போட்டுக்கொள்வது அவசரம், செப்டம்பர்தான் தோது.

பெட்டியைத் திருப்பி, வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா, எந்த ஆண்டு என்று பாருங்கள். வடக்குக்கான வைரஸ் ரகங்களை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் பரிந்துரைக்கிறது, தெற்குக்கு முந்தைய ஆண்டின் செப்டம்பரில். ஆகவே செப்டம்பரில் போடுபவர் அவ்வாண்டின் வட அரைக்கோளப் பெட்டியைக் கேட்கலாம்.

நான்கு ரகம் என்று கூடுதல் விலை சொன்னால் மயங்க வேண்டாம். அந்த நான்காவது ரகமான பி/யமகட்டா வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு தலைகாட்டவில்லை. மூன்று ரகமே போதும். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல்முறை என்றால் நான்கு வாரம் கழித்து இன்னொரு டோஸ் உண்டு, கிளினிக்கில் நினைவூட்டுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். 2–8 டிகிரியில் வைக்க வேண்டியது; ஃப்ரீசர் தட்டை ஒட்டி உறைந்துபோன சிரிஞ்ச் குப்பைக்குத்தான்.