70மாய் ஏ800எஸ், வியோஃபோ ஏ229 பிளஸ்: நம்ம ஊர் வெயிலுக்கு எது தாங்கும்?

காரின் முன்னும் பின்னும் நடப்பதை வீடியோவாகப் பதிவு செய்யும் டாஷ் கேம் தேடினால் பெட்டியின் மேல் பெரிதாகக் கண்ணில் படுவது ‘4கே’. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ திறந்தவெளியில் கார் நிறுத்துகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரியா, மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் சூப்பர் கெபாசிட்டரா?

சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி சர்வசாதாரணம். முன்கண்ணாடியில் ஒட்டிய கேமரா அதைவிடவும் சுடும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதே அதன் ஆயுளைத் தின்றுவிடும். நாளடைவில் பேட்டரி உப்பி கேமராவின் கூட்டையே பிளக்கலாம். உப்பாவிட்டாலும் சார்ஜ் நிற்காமல் போகும். இன்ஜினை அணைத்ததும் கடைசி வீடியோ கோப்பு முழுதாக மூடப்படாமல் கெட்டுவிடும். மோதிய வேகத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் நமக்குத் தேவைப்படுவது அந்தக் கடைசிக் கோப்புதான். சூப்பர் கெபாசிட்டர் சில நொடிகளுக்குத்தான் மின்சாரம் தரும், ஆனால் கோப்பை மூட அது போதும். வெப்பத்தையும் தாங்கும்.

இந்த ஒரு கேள்வியிலேயே தலைப்பில் உள்ள இரண்டு டாஷ் கேம்களும் பிரிந்துவிடுகின்றன. ஏ800எஸ்-இல் இருப்பது 500 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி, ஏ229 பிளஸ்-இல் சூப்பர் கெபாசிட்டர். ஏ800எஸ் விலை குறைவு, 3 அங்குலத் திரை, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் நிழலில் நிறுத்த இடம் உள்ளவர் அதைத் தயங்காமல் வாங்கலாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்து ஏ229 பிளஸ் வாங்குவதே சரி.

அடுத்தது படத்தின் தரம். ஏ800எஸ்-இன் முன் கேமராவில் சோனி ஐஎம்எக்ஸ்415 சென்சார், ஏ229 பிளஸ்-இல் ஐஎம்எக்ஸ்675. இரண்டும் 1/2.8 அங்குல அளவுதான். ஒரே அளவு இடத்தில் முதலாவது 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களை அடைக்கிறது, இரண்டாவது சுமார் 50 லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் ஒரு பிக்சலின் பக்கம் முதலாவதில் 1.45 மைக்ரான், இரண்டாவதில் 2 மைக்ரான். பரப்பில் கிட்டத்தட்ட இரு மடங்கு. பகல் வெளிச்சத்தில் ஏ800எஸ்-இன் 4கே தூரத்துப் பலகையையும் கூர்மையாகக் காட்டும். தெருவிளக்கு இல்லாத நெடுஞ்சாலையில் வெளிச்சத்தை அதிகம் வாங்குவது பெரிய பிக்சல்தான். ஐஎம்எக்ஸ்675, குறைந்த வெளிச்சத்துக்கான சோனியின் ஸ்டார்விஸ் 2 தலைமுறையைச் சேர்ந்தது என்பதும் இரவில் அதற்குச் சாதகம். 4கே-யும் வேண்டும், இரவும் தெளிவாக வேண்டும் என்றால் ஏ229 புரோ பாருங்கள். அதிலுள்ள ஐஎம்எக்ஸ்678 சென்சார் 1/1.8 அங்குலம், பிக்சல் அதே 2 மைக்ரான். விலையும் அதற்கேற்ப ஏறும்.

இரவில் நம்பர் பிளேட் தெரியாமல் போவதற்கு இருட்டு மட்டும் காரணமில்லை. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பியடிக்கும் வகை. நம் ஹெட்லைட் பட்டதும் அது வெள்ளைத் திட்டாகிவிடும். அதிக வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியச் செய்யும் எச்டிஆர் வசதி இதற்காகத்தான். நொடிக்கு 30 ஃபிரேமில் எச்டிஆர் போட்டு ஓட்டுங்கள். எதிரே வேகமாக வரும் வண்டியின் எண் இரவில் எந்தக் கேமராவிலும் இழுபட்டுத்தான் தெரியும். எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும்.

பின் கேமராவை ஓர் இலவச இணைப்புபோலப் பார்ப்பவர்கள் அதிகம். நகர நெரிசலில் பின்னால் வந்து இடித்துவிட்டுக் கிளம்பும் பைக்கின் எண்ணைப் பிடிக்கப்போவது அதுதான். ஏ800எஸ் ஜோடியில் வரும் பின் கேமரா 1080பி. ஏ229 பிளஸ்-இல் முன்னால் உள்ள அதே சென்சார் பின்னாலும், 1440பி-யில். பின்கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும் என்பது சட்டம். அதை மீறி கறுப்பு ஃபிலிம் ஒட்டிய காரில் எவ்வளவு விலை உயர்ந்த பின் கேமராவும் இரவில் வீண்.

மெமரி கார்டில் கஞ்சத்தனம் கூடாது. முன்னுக்கு நொடிக்கு 25 மெகாபிட், பின்னுக்கு 15 என்று வைத்தாலே மணிக்கு 18 ஜிபி எழுதப்படும். 64 ஜிபி மூன்றரை மணி நேரத்தில் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கிவிடும். 128 ஜிபி ஏழு மணி நேரம் தாங்கும். ஓயாமல் எழுதி அழிப்பதால் போனில் போடும் சாதாரண கார்டு சீக்கிரம் செத்துவிடும். சான்டிஸ்க் ஹை என்டியூரன்ஸ், சாம்சங் புரோ என்டியூரன்ஸ் போன்றவையே வாங்குங்கள். போலி கார்டு ஏராளம் என்பதால் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கார்டு சோதனை மென்பொருளை ஓட்டி முழுக் கொள்ளளவும் உண்மையா என்று பார்த்துவிட்டு, கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை ஃபார்மேட் செய்துவிட்டு, பதிவாகிறதா என்று ஒரு கோப்பை ஓட்டிப் பாருங்கள்.

பொருத்துவதில்தான் அதிகம் கெடுகிறது. முன்கண்ணாடி ஓரத் தூணின் மூடிக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்புறமாக, கம்பெனி ஒயரிங்கோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். ஏர்பேக்கின் குறுக்கே ஓடினால் அது விரியும் பாதையில் ஒயர் நிற்கும். ஹேட்ச்பேக்கில் டிக்கி கதவுக்குப் போகும் ஒயர் ரப்பர் குழாய்க்குள் நுழைய வேண்டும். வெளியே தொங்கவிட்டால் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மடங்கி, சில மாதங்களில் உள்ளே அறுந்துவிடும். பின்கண்ணாடியில் பனியை நீக்கும் டீஃபாகர் கோடுகள் மேல் கேமராவை ஒட்டினால், கழற்றும்போது கோடும் சேர்ந்து வரும். ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு வசதி) உள்ள கார்களில் கண்ணாடிக்குப் பின்னுள்ள கம்பெனி கேமராவையும் மழை சென்சாரையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள்தான் டாஷ் கேம் இருக்க வேண்டும்.

வண்டி நிறுத்தியிருக்கும்போதும் பதிவாகும் பார்க்கிங் பதிவு வேண்டுமென்றால், கார் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் ஹார்ட்வயர் கிட் தனியாக வாங்க வேண்டும். ஏ229-க்கு வரும் எச்கே4-இல் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வரும் ஃபியூஸுக்கு, கறுப்பு வண்டியின் இரும்பில் உள்ள போல்ட்டுக்கு. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் பார்க்கிங் பதிவு ஒழுங்காக நடக்காது. ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. ஒயரை வெட்டி ஒட்டும் கடைக்காரரை அனுமதிக்காதீர்கள், ஃபியூஸ் இடத்திலேயே செருகி இணைக்கும் ஃபியூஸ் டேப் போடச் சொல்லுங்கள்.

முன், பின் இரண்டு கேமராவும் சேர்ந்து சுமார் அரை ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் பத்து மணி நேர இரவுக்கு 5 ஆம்பியர்-மணி. சின்னக் கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஓரிரவு தாங்கும், வாரக்கணக்கில் தாங்காது. ஓய்வில் 12.2 வோல்ட் காட்டும் பேட்டரி ஏற்கெனவே பாதி காலி. ஆகவே பேட்டரி இறங்கியதும் கிட் கேமராவை அணைக்கும் கட்-ஆஃப் அளவு 12.2-க்குக் கீழே வேண்டாம், பழைய பேட்டரி என்றால் 12.4 வையுங்கள்.

கேமராவில் நேர மண்டலம் +5:30, விளக்கு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று அமைத்துவிடுங்கள். விபத்து நடந்தால் பதிவை உடனே நிறுத்திக் கார்டைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் மேலெழுதப்பட்டுவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருங்கிப்போனது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. அசல் கோப்பு உள்ள கார்டைப் பத்திரப்படுத்திவிட்டு, கேமராவுக்குப் புதிய கார்டு போடுங்கள்.