வீட்டிலிருந்தே வேலை: எழுத்து மொழிபெயர்ப்பா, பேச்சு மொழிபெயர்ப்பா?

இரண்டு மொழி நன்றாகத் தெரியும், வீட்டிலிருந்தே செய்ய வேண்டும், எதில் இறங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். நான் இரண்டும் செய்கிறேன். எழுத்து என்றால் எழுதியதை மொழிபெயர்ப்பது; பேச்சு என்றால் தொலைபேசி அல்லது காணொளி அழைப்பில் ஒருவர் பேசுவதை மற்றவருக்கு அப்போதே மொழிபெயர்த்துச் சொல்வது.

செலவு
எழுத்து: ஒரு கணினி, சுமாரான இணையம் போதும்.
பேச்சு: கம்பிவழி இணையம், நல்ல ஹெட்செட், சத்தம் வராத தனி அறை. அந்த அறை கிடைப்பதுதான் கஷ்டம்.

வருமானம்
எழுத்து: சொல் கணக்கு. ஒரு நாளில் 2,000 முதல் 2,500 சொல் வரை நிதானமாகச் செய்யலாம். இயந்திரம் பெயர்த்ததைத் திருத்தச் சொன்னால் கூலி குறையும்.
பேச்சு: நிமிடக் கணக்கு அல்லது மணிக் கணக்கு. அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் காசு இல்லை.

களைப்பு
எழுத்து: கண்ணும் முதுகும் வலிக்கும். ஆனால் எழுந்து நடக்கலாம், சந்தேகமான சொல்லை நாளை பார்த்துக்கொள்ளலாம்.
பேச்சு: அந்த வசதி கிடையாது. மாநாடுகளில் உடனுக்குடன் பெயர்ப்பவர்கள் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். மூளை அதற்கு மேல் தாங்காது. ஒரு மருத்துவ அழைப்பில் மாத்திரை அளவு 'ஃபிப்டீனா, ஃபிப்டியா' என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நிறுத்தித் திரும்பக் கேட்டேன். அப்படிக் கேட்கக் கூச்சப்பட்டால் இந்த வேலை வேண்டாம்.

குழந்தையோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால், நேரம் உங்கள் கையில் இருக்கும் எழுத்துப் பக்கமே வாருங்கள். அமைதியான அறையும் பதற்றப்படாத மனசும் இருந்தால் பேச்சு. முடிவெடுக்க முடியவில்லையா? எழுத்தில் ஆரம்பித்து, துறைச் சொற்கள் வாயில் சரளமாக வந்த அப்புறம் அழைப்புகளை எடுங்கள்.