ஐபாடுக்கும் போனுக்கும் ஒரே ஸ்பீக்கர்: பழைய டாக்குகளும் இன்றைய புளூடூத் ஸ்பீக்கரும்

ஐபாட் கிளாசிக் விற்பனையை ஆப்பிள் 2014 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. ஆனாலும், ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கச்சேரிப் பதிவுகளும் திரைப்பாடல்களும் அடங்கிய ஐபாடை இன்றும் பத்திரமாக வைத்துக் கேட்பவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய கையில் இருக்கும் இன்றைய போனில் பெரும்பாலும் ஹெட்போன் துளை கிடையாது. ஐபாட் கிளாசிக்கிலோ புளூடூத் கிடையாது. இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் பாடவைக்க வேண்டும், அந்தப் பெட்டியை அறைக்கு அறையும் ஊருக்கு ஊரும் தூக்கிச் செல்லவும் முடிய வேண்டும் என்று நினைப்பவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஐபாடை மேலே செருகி வைக்கும் பழைய டாக் ஸ்பீக்கரைத் தேடி வாங்குவது. மற்றொன்று, இன்று கடையில் கிடைக்கும் புளூடூத் ஸ்பீக்கரை வாங்கி ஐபாடை ஒயர் மூலம் அதனுடன் இணைப்பது.

டாக்கின் அருமை அதன் 30 பின் இணைப்பில் இருக்கிறது. 2003 ஏப்ரலில் மூன்றாம் தலைமுறை ஐபாடுடன் வந்த இந்த இணைப்பில் சார்ஜ் ஏற்றும் வழியும் ஒலி வெளிவரும் வழியும் ஒன்றாக இருந்தன. இவ்வழியே வரும் ஒலி, ஹெட்போனுக்கான ஆம்ப்ளிஃபயரையும் ஐபாடின் வால்யூம் அமைப்பையும் தாண்டி, மாறாத அளவில் நேரே ஸ்பீக்கருக்குப் போகிறது. ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்துக் கேட்கும்போது ஐபாடின் வால்யூம் ஒரு பக்கம், ஸ்பீக்கரின் வால்யூம் ஒரு பக்கம் என்று இரண்டையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். டாக்கில் அந்தத் தொல்லை இல்லை. வைத்தவுடன் பாடும், பாடிக்கொண்டே சார்ஜும் ஏறும். இந்த வசதிக்கு இணையான ஒன்று இன்றைய புளூடூத் உலகில் இல்லை என்பதே என் கருத்து.

ஆனால் அதே இணைப்புதான் டாக்கின் ஆயுளையும் முடித்தது. 2012 செப்டம்பரில் ஐபோன் 5 உடன் லைட்னிங் என்ற புதிய, சிறிய இணைப்பு வந்தது; 2023இல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியது. லைட்னிங்கில் வெளிவருவது டிஜிட்டல் ஒலி மட்டுமே என்பதால், பழைய டாக்கில் புதிய கருவியைப் பொருத்த ஆப்பிள் விற்ற அடாப்டருக்குள்ளேயே டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சிப் வைக்க வேண்டியிருந்தது. ஆகவே, ஒரு டாக்கில் முதலில் காலாவதியாவது செருகும் முனை, அடுத்து பேட்டரி, கடைசியில்தான் ஸ்பீக்கர். பழைய டாக்கை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்: முனையை விட்டால் ஒலியை உள்ளே அனுப்ப வேறு வழி இருக்கிறதா? பேட்டரி செத்தால் வேறு போட முடியுமா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்வது, வெளிவந்த காலத்தில் அதிகம் விற்காமல் போன ஆப்பிளின் ஐபாட் ஹை-ஃபை. 2006 பிப்ரவரி 28 அன்று 349 டாலர் விலையில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே நிறுத்தப்பட்ட பெட்டி இது. வெள்ளைப் பெட்டிக்குள் 80 மி.மீ. ஸ்பீக்கர்கள் இரண்டும், நடுவே அடித்தொனிக்கான 130 மி.மீ. வூஃபர் ஒன்றும் இருக்கின்றன. பின்புறத்தில் உள்ள 3.5 மி.மீ. துளை, ஹெட்போன் துளையிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் சாதாரண ஆக்ஸ் ஒயரையும் ஏற்கும், ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் ஒயரையும் ஏற்கும். பேட்டரியோ, பெரிய டார்ச் லைட்டுக்குப் போடும் டி அளவு செல்கள் ஆறு. லித்தியம் பேட்டரி போட்ட டாக்குகள் பல, பேட்டரி செத்து மின் ஒயரோடு கட்டுண்டு கிடக்கும் இந்நாளில், இதற்கு மட்டும் தெருமுனைக் கடையிலேயே செல் கிடைக்கிறது. சத்தமாகக் கேட்பவர்கள் அல்கலைன் செல்லோ, சார்ஜ் ஏற்றக்கூடிய டி செல்லோ போடுவது நல்லது. மலிவான செல்கள் இந்த மின் இழுவைக்குத் தாங்காது. ஒரே குறை எடை. செல் இல்லாமலே 6.6 கிலோ. இருபுறமும் கைப்பிடி இருந்தாலும் கூடத்திலிருந்து மொட்டைமாடிக்குத் தூக்கலாம், ரயிலில் கொண்டுபோக முடியாது.

போஸ் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த சவுண்ட்டாக் போர்ட்டபிள் தூக்கிச் செல்வதற்கென்றே யோசித்துச் செய்யப்பட்டது. ஐபாட் உட்காரும் மேடையைத் திருப்பினால் அது உடலுக்குள் மறைந்துவிடும். பின்புறத்தில் கை நுழைத்துத் தூக்கப் பிடியும் உண்டு. 2004இல் வந்த முதல் சவுண்ட்டாக்கில் இல்லாத ஆக்ஸ் துளை இதில் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆக்ஸ் இல்லாத பழையதை வாங்கிவிடக் கூடாது. லித்தியம் அயன் பேட்டரியைக் கையாலேயே கழற்ற முடிவது இதன் பெரிய பலம். அளவுக்கு மீறிய அடித்தொனியும் இதற்கு உண்டு. சிலர் அதை விரும்புவார்கள். எனக்கு, பாடகரின் குரலுக்கு மேல் அது போர்வை போர்த்தியதுபோல் படுகிறது. ஆனால் இன்று கிடைக்கும் பெட்டிகளில் அசல் பேட்டரி பெரும்பாலும் சார்ஜ் தாங்கும் நிலையில் இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும். மாற்று பேட்டரியின் விலையையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

லாஜிடெக்கின் ப்யூர்-ஃபை எனிவேர், ஆல்டெக் லான்சிங்கின் இன்மோஷன் வரிசை ஆகியவை பயணப் பைக்குள் அடங்குபவை. லாஜிடெக்கில் உள்ளேயே சார்ஜ் பேட்டரி. இன்மோஷனின் மடக்கும் மாடல்களில் சாதாரண ஏஏ செல்கள் நான்கு. செல் மாற்றும் வசதியால் இன்மோஷன் இன்றும் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். ஒலியைப் பொறுத்தவரை, விடுதி அறையில் தலைமாட்டில் வைத்துக் கேட்க இவை போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஒலியைச் சோதிக்க நான் பரிந்துரைப்பது நல்ல மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்று. சிறிய டாக்குகளில் வலப்பக்க வலந்தலையின் நாதம் கணீரென்று கேட்கும்; இடப்பக்கத் தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த, வளையும் ஒலி வெறும் தட்டலாகச் சுருங்கிவிடும். ஸ்பீக்கரின் சிறிய கூம்பு அந்த ஆழத்துக்குப் போதிய காற்றை அசைக்க முடியாது என்பதுதான் காரணம். ஐபாட் ஹை-ஃபையில் அந்தக் கும்கி எழும்பி இறங்குவதைத் தொடர்ந்து கேட்க முடியும். போஸில் அது சற்றுப் பருத்துக் கேட்கும். பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை விட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும். குறிப்பாக ‘பிஎம்பிஓ’ (கண நேர உச்சத் திறன்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் காட்டும் எண்களுக்கு எந்த மதிப்பும் கொடுக்க வேண்டாம்.

சார்ஜ் விஷயத்தில் பலரும் அறியாத ஒரு சிக்கல் உண்டு. தொடக்ககால டாக்குகள் பல, ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான பின்கள் வழியாக 12 வோல்ட் அனுப்பி ஐபாடைச் சார்ஜ் செய்தன. 2008இல் வந்த ஐபோன் 3ஜி, நான்காம் தலைமுறை ஐபாட் நானோ, இரண்டாம் தலைமுறை ஐபாட் டச் ஆகியவற்றில் அந்த வழியை ஆப்பிள் அடைத்துவிட்டு, 5 வோல்ட் யுஎஸ்பி வழியை மட்டுமே வைத்தது. ஆகவே பழைய டாக்கில் இவை பாடும், ஆனால் சார்ஜ் ஏறாது. டாக் பழுது என்று நினைத்துத் திருப்பித் தரும் முன் இதைச் சரிபார்ப்பது அவசியம். இன்னொன்று, போனை மனதில் வைக்காமல் செய்யப்பட்ட டாக்கில் ஜிஎஸ்எம் போனை வைத்தால், அழைப்பு வரும் முன் ‘டிர்ர்ர் டிர்ர்ர்’ என்ற இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும். போனின் ரேடியோ துடிப்புகள் காப்பு இல்லாத ஆம்ப்ளிஃபயருக்குள் புகுவதால் வருவது அது. இதற்காகவே அக்கால ஐபோன்கள், இத்தகைய டாக்கில் வைத்ததும் விமானப் பயண நிலைக்கு மாறச் சொல்லிக் கேட்டன.

ஆண்ட்ராய்டு போன்களுக்கு டாக் செய்யும் முயற்சி எப்போதும் அரைகுறையாகவே நின்றது. சார்ஜ் துளை ஒரு போனில் கீழே நடுவில், இன்னொன்றில் ஓரத்தில் என்று இருந்ததால், பிலிப்ஸ் தன் ஃபிடெலியோ டாக்குகளில் நகரும் முனை வைத்துச் சார்ஜை அதன் வழியாகவும் ஒலியைப் புளூடூத் வழியாகவும் அனுப்பியது. ஒலிக்குப் புளூடூத்தே போதும் என்று ஆனபின் டாக்கின் தேவை என்ன என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. போனுக்காக மட்டும் வாங்குபவர் டாக்கைத் தேடவே வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதும் இதனால்தான். போனுக்குப் போட்ட தடித்த கவர் கூட டாக்கில் உட்காரத் தடையாகிவிடும்.

இனி புளூடூத் பக்கம். உதாரணத்துக்கு ஜேபிஎல் சார்ஜ் வரிசையை எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்த சார்ஜ் 4இல் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை இருந்தது. 2021இல் வந்த சார்ஜ் 5இல் அதை எடுத்துவிட்டார்கள். ஐபாட் கிளாசிக் வைத்திருப்பவருக்கு இந்த ஒரு துளைதான் எல்லாமே. அதனால் புதிய மாடலை விட முந்தையதே அவருக்குப் பொருத்தம். இரண்டுமே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஒரு சார்ஜில் 20 மணி நேரம் வரை என்று நிறுவனம் சொல்கிறது. இரண்டிலுமே போனைச் சார்ஜ் செய்ய யுஎஸ்பி துளையும் உண்டு. மழைச் சாரலில் நனைந்தாலும் கவலையில்லை, தண்ணீருக்குள் விழுந்தாலே தாங்கும் தரம் அவற்றுக்கு உண்டு. பழைய டாக்குகளில் பெரும்பாலானவற்றை அப்படி வெளியில் வைக்க முடியாது. திறந்து நிற்கும் பின்களுக்குள் ஈரமும் தூசியும் இறங்கிவிடும்.

ஒலியில் புளூடூத் பின்தங்குவது, பலர் நினைப்பதுபோல் ஒலிச் சுருக்கத்தால் அல்ல. நல்ல முறையில் சுருக்கி அனுப்பிய ஒலிக்கும் ஒயர் ஒலிக்கும் உள்ள வேறுபாடு இந்த அளவு ஸ்பீக்கரில் எளிதில் தெரியாது. உண்மையான இழப்பு ஸ்டீரியோ. சார்ஜ் 4, சார்ஜ் 5 ஆகியவை இடமும் வலமும் கலந்த ஒற்றை ஒலியைத்தான் தருகின்றன. வீணை ஒரு பக்கம், தாளக் கருவிகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் பதிவுசெய்த பாடலில் அந்த அழகு அப்படியே மறைந்துபோகும். இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கிச் சேர்த்தால் போனில் வரும் பாட்டுக்கு ஸ்டீரியோ கிடைக்கும், ஆனால் செலவு இரட்டிப்பாகும். அக்கால டாக்குகளில் இரு பக்கமும் தனித்தனி ஸ்பீக்கர்கள் இருந்தன. இடைவெளி குறைவுதான் என்றாலும், எதிரே நான்கடி தூரத்தில் உட்கார்ந்தால் அந்தப் பிரிவு காதுக்குத் தெரியும். 2025இல் வந்த சார்ஜ் 6 டைப்-சி ஒயர் வழியே நேரடி ஒலியை ஏற்கிறது. டைப்-சி போனுக்கு அது நல்ல செய்தி, ஐபாட் கிளாசிக்குக்கு அதனால் பயனில்லை. ஏழாம் தலைமுறை நானோ, பிந்தைய டச் மாடல்கள் ஆகியவற்றில் புளூடூத் இருப்பதால் அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் தேவையில்லை.

ஆகவே ஐபாட் கிளாசிக்கை வீட்டுக்குள் கேட்பவருக்கு, எடையைப் பொருட்படுத்தாவிட்டால் ஐபாட் ஹை-ஃபைதான் என் முதல் தேர்வு. தூக்கிச் செல்வது முக்கியமென்றால், மாற்று பேட்டரி கிடைப்பதை உறுதிசெய்துகொண்டு சவுண்ட்டாக் போர்ட்டபிளை வாங்கலாம். இந்த இரண்டிலும் போனை ஆக்ஸ் துளையில் சிறிய புளூடூத் ரிசீவர் செருகிக் கேட்டுக்கொள்ளலாம். 30 பின் முனையிலேயே செருகும் ரிசீவர்களும் உண்டு, ஆனால் ஐபாட் வைக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டியிருப்பதால் ஆக்ஸ் வழியே மேல். பயணமும் வெளியிடமுமே பெரும்பகுதி என்றால் ஆக்ஸ் துளையுள்ள புளூடூத் ஸ்பீக்கர் போதும்.

பழைய டாக் வாங்கப் போகும்போது சொந்த ஐபாடையே எடுத்துச் செல்லுங்கள். மேடையில் பொருத்தும் பிளாஸ்டிக் தட்டு ஒவ்வொரு ஐபாடின் தடிமனுக்கும் வேறு. அது இல்லையென்றால் ஐபாடின் எடை முழுவதும் அந்த மெல்லிய முனையில் சாய்ந்து, நாளடைவில் பின்கள் வளைந்துவிடும். ஐபாடை வைத்து இலேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு பக்க ஒலி மட்டும் விட்டு விட்டு வந்தால் முனை தேய்ந்திருக்கிறது. செல் போடும் அறையைத் திறந்து, கம்பிச்சுருளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். பிறகு மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வால்யூமை முக்கால் பங்குக்கு ஏற்றி, கால் மணி நேரமாவது பாடவிட்டுக் கேட்டபின் பணத்தைக் கொடுங்கள்.