டாம்கேட்டுக்குள் டஸ்கனி: பல வருஷம் ஓட்டிய பிறகு

டாம்கேட் 10-க்கு மாறப் போகிறோம், பழைய அப்பாச்சி டஸ்கனி அப்படியே ஓடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓடாது. டாம்கேட் என்பது ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்; டஸ்கனி அதற்குள் இருந்து, எஸ்சிஏ என்ற தரத்தின்படி சர்வீஸ்களை இணைத்து ஓட்டும் ரன்டைம். டாம்கேட் 10-இல் ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்ற பேக்கேஜ் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆகிவிட்டது. டஸ்கனியின் ஃபில்டர் இன்னும் பழைய பெயரைத்தான் தேடும். அப்ளிகேஷனைக் கட்டிவைத்திருக்கும் வார் கோப்பைப் புதுப் பெயருக்கு மாற்றித்தரும் கருவி இருக்கிறது. ஆனால் டஸ்கனி திட்டமே 2016-இல் மூடப்பட்டுவிட்டது. உள்ளே ஏதாவது உடைந்தால் சரிசெய்ய ஆள் இல்லை.

இருந்தாலும் இதைப் பழைய சரக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் சரக்கு இருப்பு சர்வீஸ் முதலில் அதே சர்வருக்குள் சாதாரண ஜாவா அழைப்பாக இருந்தது. அப்புறம் இன்னொரு குழு வெப் சர்வீஸாகக் கேட்டது. பிறகு இரவு நேர வேலைக்கு ஜேஎம்எஸ் என்ற செய்தி க்யூ வந்தது. மூன்றுக்கும் மாறியது, யார் யாரை அழைப்பது என்று எழுதிவைக்கும் காம்போசிட் கோப்பில் இருக்கும் பைண்டிங், அதாவது அழைக்கும் வழி, மட்டுமே. ஜாவா கோடில் கை வைக்கவில்லை. ரிமோட்டபிள் (வெளியிலிருந்தும் அழைக்கலாம்) என்று குறித்த இன்டர்ஃபேஸுக்கு, ஒரே ஜேவிஎம்முக்குள்ளும் (ஒரே ஜாவா ப்ராசஸுக்குள்ளும்) தரவை நகலெடுத்தே அனுப்ப வேண்டும் என்பது எஸ்சிஏ விதி. அதனால் சர்வீஸை வெளியே நகர்த்தியபோது புதுப் பிழை எதுவும் முளைக்கவில்லை. 2007-இல் வந்த எஸ்சிஏ 1.0-இல் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

என் கோபமெல்லாம் ஒன்வே அழைப்பின் மேல்தான். அழைத்தவர் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக ரன்டைம் அந்த வேலையைத் தன் சொந்த திரெட்டில் (தனியே ஓடும் இழையில்) ஓட்டுகிறது. அந்த திரெட் டாம்கேட் அனுப்பியது அல்ல. டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் டேட்டாசோர்ஸை ஜாவா:காம்ப்/என்வ் என்ற பெயரில் தேடும்போது, எந்த அப்ளிகேஷனின் ஜேஎன்டிஐ பெயர்ப் பட்டியலில் பார்ப்பது என்பதை டாம்கேட் அந்த திரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை (கிளாஸ்களை ஏற்றித்தருவது) வைத்துத்தான் முடிவு செய்கிறது. புது திரெட்டோ தன்னை உருவாக்கிய திரெட்டின் லோடரைச் சுமந்துகொண்டு பிறக்கிறது. எங்கள் அமைப்பில் ரன்டைம் பொது லிப் கோப்புறையில் இருக்கிறது, திரெட் பூலும் பொது. முதலில் எழுந்த அப்ளிகேஷனின் லோடர் பூலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது அப்ளிகேஷன் தன் டேட்டாசோர்ஸைக் கேட்டால் 'பெயர் இல்லை' என்று பிழை வரும். அதுவும் லாக்கில் மட்டும்! அழைத்தவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரியே இருக்கும்.

போன மாதம் பராமரிப்பு ஆட்கள் அப்ளிகேஷன்கள் எழும் டெப்ளாய் வரிசையை மாற்றினார்கள். அடங்கியிருந்த தொல்லை மறுபடி வந்து, ஓர் இரவு முழுக்க ஆர்டர்கள் பதிவாகவே இல்லை. இப்போது ஒன்வே மெத்தட் ஒவ்வொன்றிலும் நுழைந்தவுடன் கான்டெக்ஸ்ட் லோடரை எங்கள் வார் கோப்பின் லோடராக மாற்றி, ஃபைனலியில் பழையதைத் திருப்பி வைக்கிறோம். அதற்கப்புறம் வரவில்லை.

இதில் டஸ்கனியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அப்ளிகேஷனின் லோடர் போன்ற சூழலையும் வேறு திரெட்டுக்குச் சேர்த்து எடுத்துச் செல்லும் மேனேஜ்டு எக்ஸிக்யூட்டர் 2013-இல் ஜாவா இஇ 7-இல்தான் தரமானது; டாம்கேட்டில் அது இன்றும் கிடையாது. நியாயம் புரிகிறது. ஆனால் அந்த இரவை நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை. வேலையைத் தொலைத்துவிட்டு வாய் திறக்காத ரன்டைமை நான் புதிதாக யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதனால் நண்பருக்கு என் பதில்: டஸ்கனியை மாற்றிவிடுங்கள். வெப் சர்வீஸுக்கு சிஎக்ஸ்எஃப், க்யூவுக்கு ஸ்பிரிங் ஜேஎம்எஸ் என்ற லைப்ரரிகள் போதும். நாங்கள் டாம்கேட் 9-இலேயே டஸ்கனியோடு இருக்கப் போகிறோம். எடுக்கச் சொன்னால் முதலில் மறுப்பது நான்தான். ஒன்று மட்டும், காம்போசிட் கோப்புகளை அழிக்காதீர்கள். யார் யாரை அழைக்கிறார்கள் என்பது வேறெங்கும் இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்காது. புதுக் கோடை எழுதும்போது அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.