ஸ்லீன் 21-ஆம் எண் கட்டடம்: அந்த லிஃப்டுக்காகவே போகலாம்

பள்ளி திறக்கும் நேரத்தில் ஷூ வாங்கப் போகும் கடையாகத்தான் பாட்டா நமக்குப் பழக்கம். அது செக் நாட்டுக் குடும்பப்பெயர் ஒன்று. 1894-இல் ஸ்லீன் என்ற சிற்றூரில் தோமாஷ், அன்டோனின், அன்னா என்ற உடன்பிறப்புகள் மூவர் செருப்புத் தொழில் தொடங்கினார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ள அந்த ஊருக்கே போவதுதான் சரி.

முதலில் 21-ஆம் எண் கட்டடம். 1938-இல் முடிந்த பாட்டா தலைமை அலுவலகம் இது, 77.5 மீட்டர் உயரம், கட்டடக் கலைஞர் விளாடிமிர் கார்ஃபிக். இப்போது ஸ்லீன் பிராந்திய அரசு அலுவலகம். உள்ளே லிஃப்டே ஓர் அலுவலக அறை! ஏறத்தாழ ஆறுக்கு ஆறு மீட்டர். மேசை, தொலைபேசி, ஏசி, வெந்நீர் வரும் கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. முதலாளி தன் நாற்காலியிலிருந்து எழாமலே எந்த மாடிக்கும் போய்விடலாம் என்பது திட்டம். தண்ணீர்க் குழாயை ஓடும் லிஃப்டுக்குள் கொண்டுவந்த வேலையை நினைத்து அசந்து நின்றேன்.

அந்த முதலாளி தோமாஷ் இல்லை, அவருடைய தம்பி யான் அன்டோனின். தந்தையின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்தவர்; தொழில் தொடங்கிய மூவரில் ஒருவரான அன்டோனின் வேறு. 1939-இல் நாட்டை விட்டுப் போனவர் பிறகு பிரேசிலில் குடியேறி, 1965-இல் அங்கேயே இறந்தார். இதற்கிடையே 1947-இல் செக்கோஸ்லோவாக்கிய நீதிமன்றம் அவர் இல்லாமலே தண்டனை விதித்திருந்தது. 2007-இல்தான் அந்தத் தீர்ப்பு நீங்கியது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு அந்த லிஃப்டுக்குள் நின்றால் மனசு கனத்துப்போகும். தோமாஷின் மகனோ கனடா போய் அங்கே தொழிலை வளர்த்தார்; டொரன்டோவில் உள்ள காலணி அருங்காட்சியகம் அவர் மனைவி சோன்யா தொடங்கியது.

மொட்டை மாடிக்கும் ஏறுங்கள். தொழிலாளர்களுக்காகக் கட்டிய சிவப்புச் செங்கல் வீடுகள் மரங்களுக்கிடையே வரிசையாகத் தெரியும். அப்புறம் 14-ஆம் எண் கட்டடத்தின் காலணி அருங்காட்சியகம்: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் செருப்பில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும்.

தோமாஷின் நினைவகத்தை விட்டுவிடாதீர்கள். 1932 ஜூலை 12 காலை, மூடுபனியில் கிளம்பிய விமானம் பக்கத்து ஊரான ஓட்ரொகோவிட்செயில் விழுந்து அவரும் விமானியும் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் கஹுரா எழுப்பிய இந்தக் கண்ணாடிக் கூடத்தில், அதே வகை யுங்கர்ஸ் விமானத்தின் மாதிரி ஒன்று தொங்குகிறது. வேறு அலங்காரமே இல்லை. ஒரு மனிதருக்கு எழுப்பிய நினைவகங்களில் நான் பார்த்த மிகச் சிறந்தது இதுதான்.

நடக்கச் சிரமப்படுபவர்கள் நினைவகத்திலிருந்து தொடங்குங்கள். அது மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து 21-க்கு இறக்கம்தான்.