பாண் தூள் இல்லாத நண்டு கேக்: எந்த மா தாங்குகிறது?

அக்காவின் மகள் இந்த ஆவணியில் கனடாவிலிருந்து வந்திருந்தாள். அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவளுடைய நோயெதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். வந்த மறுநாளே கேட்டாள்: "சித்தி, அங்கே கடைகளில் நண்டு கேக்கைப் பார்ப்பதோடு சரி. ஒரு தடவையாவது பயமில்லாமல் சாப்பிட வேண்டும்."

திருகோணமலையில் நண்டுக்கு என்ன பஞ்சம்? ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா. கோதுமை சேராமல் சமைப்பதுதான் பெரும்பாடு என்று நினைத்தேன். சீனக்குடாவில் நாட்டின் மிகப் பெரிய கோதுமை மா ஆலை நிற்கிற ஊர் இது. கோதுமைக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பாண், ரொட்டி, ரோல்ஸ், கட்லட்டின் மேல் புரட்டும் தூள், பல வீடுகளில் இடியப்பமும் புட்டும்கூடக் கோதுமை மாவில்தான். ஆனால் அலமாரியைத் திறந்து தேடியபோது, நண்டுச் சதையைச் சேர்த்துப் பிடிக்கக்கூடிய பொருள்கள் ஐந்து வீட்டிலேயே கிடைத்தன. ஐந்தையும் ஒரே நாளில், ஒரே நண்டில் செய்து பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நண்டு கேக் வேறு, நம்முடைய கட்லட் வேறு. கட்லட்டில் கிழங்குதான் உடம்பு. மீனோ நண்டோ அதற்குள் இருக்கும். நண்டு கேக் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்துச் செசபீக் குடாக் கரையில் பேர்பெற்ற உணவு. அதில் நண்டுதான் எல்லாம். முட்டை, மயோனீஸ், கடுகுப் பசை, கொஞ்சம் பாண் தூள் அல்லது பிஸ்கட் தூள் என்று மற்றவையெல்லாம் சதை உதிராமல் இருக்க மட்டுமே. அந்தத் தூளுக்கு அங்கே ஒரே வேலைதான்: நண்டு விடுகிற தண்ணீரைக் குடிப்பது. பாண் பொங்கவும் பரோட்டா இழுபடவும் குளூட்டன் வேண்டும். நண்டு கேக் பொங்கவும் வேண்டாம், இழுபடவும் வேண்டாம். ஆகவே கோதுமையை எடுத்துவிட்டால் இங்கே எதுவும் குறைந்துபோகாது. தண்ணீரைக் குடித்துவிட்டு, நண்டின் சுவையை மூடாமல் ஒதுங்கி இருக்கிற பொருள் எது என்பதுதான் கேள்வி.

நண்டைப் பற்றிக் கொஞ்சம். சேற்று நண்டின் கால்களில் சதை பெரிதாகத் திரளும், விலையும் அதற்கேற்ப ஏறும். கேக்குக்கு நான் நீலக்கால் நண்டையே எடுப்பேன். சதை மெல்லியது, இனிப்பு அதிகம். பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் பெருவிரல் நுனியளவு ஒரு திரட்சி இருக்கும். அது உடையாமல் வந்துவிட்டால் பாதி வெற்றி. முதல் நாள் கரைக்குப் போனபோது, வழக்கமாக நண்டு தருகிற வயதான அம்மா கூடையைக் கையால் மூடிக்கொண்டார். "நிலாக் காலம், பிள்ளை. இப்போது கோதுதான் கனம். நாலைந்து நாள் பொறுத்து வாருங்கள்" என்றார். எங்கள் கரையில் எல்லோரும் சொல்கிற பேச்சு இது. நிலாவோ வேறெதுவோ, கோது கழற்றிச் சில நாளே ஆன நண்டின் உள்ளே தண்ணீர்தான் நிற்கும். அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் கோது வளைந்து கொடுக்கும். அப்படிப்பட்ட நண்டில் கேக் செய்தால் எந்த மாவாலும் காப்பாற்ற முடியாது.

ஒரு கிழமை கழித்து இரண்டரைக் கிலோ வாங்கினேன். 12 நிமிடம் ஆவியில் அவித்து, ஆறவிட்டு, இருவரும் உட்கார்ந்து சதை எடுத்தோம். 600 கிராம் தேறியது. சதையைப் பிழியாமல் பருத்தித் துணியில் பரப்பி அரை மணி நேரம் விட்டோம். பிழிந்தால் தண்ணீரோடு இனிப்பும் போய்விடும். பிறகு 120 கிராமாக ஐந்து பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் அரை முட்டை, ஒரு சின்ன வெங்காயம், அரைப் பச்சை மிளகாய், இடித்த மிளகு, பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை, உப்பு, சில துளி தேசிக்காய்ப் புளி. இஞ்சி சேர்க்கவில்லை, காரணம் பின்னால் வரும்.

உருளைக்கிழங்கு. எல்லோருக்கும் தெரிந்த வழி, அதனால்தான் முதலில் செய்தேன். கிழங்கின் மாப்பொருள் அவியும்போதே வெந்து பசையாகிவிடுவதால் உருண்டை உடனே பிடிக்கும், தாச்சியில் உடையாது, கை பழகாதவருக்கும் வரும். குறை என்னவென்றால் அது நண்டைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, நண்டின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. 120 கிராம் சதைக்கு 60 கிராம் கிழங்குதான் போட்டேன். ஒரு வாய் தின்ற அக்கா மகள், "நல்ல கட்லட், சித்தி. நண்டு எங்கே?" என்று கேட்டாள். இருபது பேருக்கு விருந்து, நண்டு குறைவு என்றால் இதைச் செய்யலாம். மற்றப்படி வேண்டாம்.

மரவள்ளி. உருளைக்கிழங்கை விட இறுக்கமாகப் பிடிக்கும். சூட்டோடு மசித்தால் பசை மாதிரி இழுபடும். பொரித்த பிறகு வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெல்ல வேண்டிய ஒரு தடிப்பு. மரவள்ளியோடு இஞ்சி கூடாது என்று எங்கள் வீட்டில் அம்மம்மா காலத்திலிருந்தே ஒரு கட்டுப்பாடு. அதற்காகத்தான் ஐந்து பங்குக்கும் இஞ்சியைத் தவிர்த்தேன். நண்டுக்கு இஞ்சியின் காரம் ஒரு அழகு. அதை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு மரவள்ளி எனக்கு ஒன்றும் தரவில்லை.

கடலை மா. சுருக்கமாகச் சொல்லலாம். நன்றாகப் பிடிக்கிறது, நிறமும் அழகு. ஆனால் வாயில் வைத்தால் வடை.

புழுக்கொடியல் மா. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவுக்கும் நண்டுக்கும் இருக்கிற உறவு நேற்று வந்ததல்ல. கூழ்ப் பானையில் இரண்டும் சேர்ந்தே கொதிக்கின்றன. அந்த ஞாபகத்தில் முதலில் ஒடியல் மாவைத்தான் எடுத்தேன். அதன் கைப்பை நீக்க மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுத் தெளிந்த நீரை ஊற்ற வேண்டும். அப்படிச் செய்த பிறகு கையில் இருப்பது ஈரமான மா. ஏற்கெனவே தண்ணீர் விடுகிற நண்டுக்கு ஈர மாவைச் சேர்த்து என்ன பயன்? அதை வைத்துவிட்டுப் புழுக்கொடியல் மாவுக்கு மாறினேன். ஒரு மேசைக்கரண்டியே போதுமாக இருந்தது. நண்டின் ஈரத்தை மடமடவென்று குடித்துவிட்டது. பொரிக்கும்போது எழுந்த மணத்தை எப்படிச் சொல்வது? பனங்காணிக்குள் கிழங்கு சுட்ட இடத்தில் யாரோ நண்டையும் சுட்டது போல ஒரு புகை வாசம். எனக்கும் அக்காவுக்கும் இதுதான் பிடித்தது. ஆனால் மெல்லிய நார் நாக்கில் படும், பனையின் சுவையும் முன்னால் நிற்கும். பனையோடு வளராதவர்களுக்கு அது தடையாக இருக்கலாம். அக்கா மகள் பாதி தின்றுவிட்டு, "இது உங்களுடைய நண்டு கேக், சித்தி. என்னுடையது இன்னும் வரவில்லை" என்றாள். அதில் நியாயம் இருக்கிறது.

சிவப்பு அரிசி மா. புட்டுக்கு வறுத்தெடுக்கிற அதே வகை மா. முதல் தடவை ஒரு மேசைக்கரண்டி மாவை அப்படியே சதையில் தூவிப் பிசைந்தேன். தட்டிப் போட்டதும் ஒரு பக்கம் நின்றது, திருப்பும்போது விண்டு போனது. தின்றால் பல்லில் மணல் மாதிரி நெருநெருப்பு. அரிசி மாவுக்குத் தண்ணீரும் சூடும் இரண்டும் கிடைத்தால்தான் அது இளகிப் பசையாகும். தாச்சியில் நிற்கிற ஐந்தாறு நிமிடம் அதற்குப் போதாது.

அப்போதுதான் இடியப்பம் நினைவுக்கு வந்தது. இடியப்பத்துக்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் குழைக்கிறோமா? கொதிநீர் ஊற்றித்தானே குழைக்கிறோம்! நண்டு அவித்த சட்டியின் அடியில் ஒரு கோப்பை அளவு சாறு தேங்கியிருந்தது. அதைக் கொதிக்கவைத்து, ஒரு மேசைக்கரண்டி மாவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி சாறு என்ற கணக்கில் ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறினேன். மா திரண்டு களி போல ஆனது. ஆறியதும் முட்டையில் கரைத்து, அதை மீதிச் சதையில் ஊற்றி, திரட்சிகள் உடையாமல் இரு கையாலும் அள்ளி அள்ளிக் கலந்தேன். தட்டி, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம்.

தாச்சியில் போட்டபோது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. முதல் இரண்டு நிமிடம் அடி ஒட்டிக்கொண்டிருந்தது, நான் தொடவில்லை. மூன்றாவது நிமிடத்தில் ஓரம் சிவந்து, கேக் தானாகவே தாச்சியை விட்டது. கரண்டியை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. பிட்டுப் பார்த்தால் உள்ளே மா இருப்பதே தெரியவில்லை. வெள்ளைத் திரட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மாவுக்குள் ஊற்றியதும் நண்டுச் சாறுதான் என்பதால் சுவை இன்னும் கூடியிருந்தது. அக்கா மகள் பேசாமல் தின்றாள், இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினாள்.

என் தீர்ப்பு இதுதான்: சாற்றில் களியாக்கிய அரிசி மா முதலிடம், புழுக்கொடியல் மா இரண்டாமிடம். கால் கிலோ சதைக்கு மா இரண்டு மேசைக்கரண்டி, கொதிக்கும் சாறு மூன்று மேசைக்கரண்டி, முட்டை ஒன்று. இந்த வழியில் இஞ்சியும் தாராளமாகச் சேர்க்கலாம்.

வெளிப்பூச்சு வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கேக் நன்றாக நின்றால் வேண்டியதில்லை. மொறுமொறுப்பு கேட்பவர்களுக்குச் சிவப்பு அவல்: வெறும் தாச்சியில் வறுத்து, கையால் நொறுக்கி, முட்டை வெள்ளையில் தோய்த்த கேக்கில் ஒற்றினால் பாண் தூளை விட நன்றாகவே வருகிறது. காய்ந்த இடியப்பத்தை உதிர்த்தும் ஒற்றலாம், ஆனால் அது முழு அரிசி மா இடியப்பமாக இருக்க வேண்டும். கடையில் வாங்குவதில் கோதுமை மா கலந்திருக்கலாம். ரவை வேண்டவே வேண்டாம், அதுவும் கோதுமைதான். சோள கோர்ன்பிளேக்ஸைத் தூளாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பெட்டியைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்; பலவற்றில் பார்லி மோல்ட் சேர்க்கிறார்கள்.

இனி, சமையல் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடம். குளூட்டன் அற்றது என்று பெட்டியில் அச்சிடுவதற்குச் சர்வதேச உணவுத் தரக்கோவை வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். நம் அடுக்களையில் அந்த அளவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் திகைப்பாக இருக்கும். நேற்றுக் கோதுமை மா அரித்த அரிதட்டின் கண்களில் இருக்கிறது. சுளகின் பின்னலிலும் நீற்றுப்பெட்டியின் பின்னலிலும் இருக்கிறது. அவற்றை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் இருக்கிறது. கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மா சேர்த்திருப்பார்கள், சோயா சோஸில் கோதுமை இருக்கும். உறைநிலையில் விற்கும் நண்டுக் குச்சிகள் அரைத்த மீனில் செய்தவை, அவற்றிலும் கோதுமை மாப்பொருள் பெரும்பாலும் உண்டு. நான் புதிதாக ஒரு அரிதட்டும் ஒரு மரக்கரண்டியும் வாங்கி, சிவப்பு நூல் கட்டித் தனியே தொங்கவிட்டேன். தேங்காய் எண்ணெயும் புதுப்போத்தல்.

சமைக்கத் தொடங்கும் முன்பே அரிசி மாவிலும் ஒரு சிக்கல் இருந்தது. அரிசியில் குளூட்டன் இல்லை, சரி. ஆனால் நாங்கள் அரிசி கொடுத்து அரைக்கிற மில்லில் எனக்கு முன்னால் நின்றவர் வறுத்த கோதுமையை அரைத்துக்கொண்டு போனார். அதே இயந்திரம், அதே புனல். அரைத்து முடித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் அரிசியைக் கொட்டப் போனார்கள். பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, கொல்லைப்புறத்து உரலில் இடித்தோம். அக்கா மகள் உலக்கை பிடித்தது அன்றுதான் முதல் தடவை. இடித்ததைப் புது அரிதட்டில் அரித்து, கப்பியை மறுபடி இடித்து, மணம் வரும்வரை வறுத்தபோது ஒன்றேகால் கிலோ மா இருந்தது. நண்டு கேக்குக்கு எடுத்தது போக மீதியை இரண்டு பையில் கட்டி அவளுடைய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அங்கே நீலக்கால் நண்டு கிடைக்காவிட்டாலும், எந்த நண்டானாலும் அவித்த சாற்றை மட்டும் கொட்டிவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.